முதல் சீலமும் பதினேழு பேனும்

என் மகளின் பள்ளிக்கூட டைரியில் மிஸ் எழுதி அனுப்புவதை எனக்குப் படித்துக் காட்டுவது என் மகள்தான். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவன். தமிழை எழுத்துக் கூட்டி எப்படியாவது கரை சேர்த்துவிடுவேன். இங்கிலீஷ் என்றால் கடை போர்டுகளில் பார்த்துப் பழகிய நாலைந்து எழுத்தோடு சரி. அதனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிய புகாரை அந்தப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அது விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிற அப்பன் நான்.

வேறு பிள்ளையாக இருந்தால் "மிஸ் என்னைய ரொம்ப நல்ல பிள்ளைன்னு எழுதியிருக்காங்கப்பா" என்று அடித்துவிட்டிருக்கும். இவளுக்கு நான் பஞ்சசீலம் சொல்லிக்கொடுத்துத் தொலைத்துவிட்டேன். பொய் சொல்லக் கூடாது என்பது அதில் நான்காவது. ஆகையால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் டைரியைத் திறந்து, செய்தி வாசிக்கிற அம்மா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தாள்.

"எனக்குத் தலையில பேன் இருக்காம்ப்பா. திங்கக்கிழமை காலைல மிஸ் எல்லார் தலையும் பாப்பாங்களாம். பேன் இருந்தா சாயந்தரம் ஆண்டு விழாவுல டான்ஸ் கெடையாதாம். இங்கன கையெழுத்துப் போடு."

"இது என்னைக்குக் குடுத்தது?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை குடுத்ததை இன்னைக்கா காட்டுவ?"

"நீ கேக்கலையே. கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பேன்."

சீலத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு எட்டு வருஷம் ஆயிற்று. அவளுக்கு எட்டு மாதம்கூட ஆகவில்லை.

டான்ஸ் சாதாரண டான்ஸ் இல்லை. கும்மி. ஒரு மாதமாக எங்கள் வீட்டில் அந்தக் கும்மிதான். எட்டுப் பிள்ளைகள் வட்டமாக ஆடும். நடுவில் ஒரு கட்டம் வரும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தலையைச் சிலுப்பிப் பின்னால் இருக்கும் சடையைச் சுழற்றி முன்னால் போட வேண்டும். என் மகளுக்கு முன்வரிசை. அவள் சடைதான் நீளம் என்று மிஸ் சொல்லியிருந்தார். அந்தச் சடை சுழலும்போது அதிலிருந்து என்னென்ன பறந்து பக்கத்துப் பிள்ளை தலையில் இறங்கும் என்று யோசித்தால், மிஸ் மேல் எந்தத் தப்பும் சொல்ல முடியாது.

பேன் பார்ப்பது என்ன பெரிய வேலை என்று கேட்பீர்கள். மற்ற வீட்டில் இல்லைதான். என் வீட்டில் அது பெரிய வேலையாகப் போனதற்குக் காரணம் நான்.

நாங்கள் பௌத்தர்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் நாலைந்து குடும்பம் சேர்ந்து மாறினோம். நிமிர்ந்து நின்று கும்பிடுகிற மாதிரி ஒரு சாமி வேண்டும் என்று தேடிப் போனேன். இவர் சாமியே இல்லை என்றார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று, நேர்த்திக்கடன் மிச்சம். கோரிப்பாளையம் சிக்னலுக்குப் பக்கத்தில் பொம்மை விற்பவரிடம் ஒரு புத்தர் சிலை வாங்கி வந்தேன். பஸ்ஸில் வரும்போது நானே மடியிலிருந்து தவறவிட்டதில் ஒரு காது உடைந்து போய்விட்டது. காலையில் அவர் முன்னால் உட்கார்ந்து நால்வரும் ஐந்து சீலமும் சொல்லுவோம். கொல்ல மாட்டேன், திருட மாட்டேன், தப்பாக நடக்க மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன், போதை தொட மாட்டேன். நாலு வயசு மகன் ஐந்தையும் ஒரே மூச்சில், ஸ்டாண்டுக்குள் நுழைகிற பஸ் ஹாரன் மாதிரி சொல்லி முடித்து இட்லிக்கு உட்கார்ந்துவிடுவான்.

மகள் அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டாள். மூன்றாவதுக்கு நான் இருமிவிட்டு நகர்ந்துவிட்டேன். முதலாவதில் மாட்டிக்கொண்டேன். சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறியிருந்த ஒரு நாள், அதைச் சுடுதண்ணீரில் போடப் போன பிள்ளையைத் தடுத்து நிறுத்தி, "தாயி, உசுருன்னா எல்லாம் ஒரே உசுருதான். இம்புட்டுச் சின்னது அம்புட்டுப் பெருசுன்னு கணக்கே கெடையாது" என்று கையை நீட்டி மடக்கி ஒரு பேச்சுப் பேசினேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிற எங்கள் பௌத்தக் கூட்டத்தில் கேட்டதைவிட நன்றாகப் பேசிவிட்டதாக எனக்கே ஒரு நினைப்பு.

அன்றிலிருந்து வீட்டில் கரப்பான்பூச்சியை முறத்தில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விடுகிற வேலை எனக்கு. எதிர்வீட்டு அக்கா, "எங்க வீட்டுல இருக்கது பத்தாதுன்னு ஒங்க வீட்டதையும் கொண்டாந்து விடுறீகளா?" என்று கேட்டார். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் என் மனைவி பேன் பார்ப்பதும் நின்றுபோனது. ஒரு சாயங்காலம் அவள் மகள் தலையிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்து 'டக்' என்று நசுக்கியிருக்கிறாள். பிள்ளை திரும்பிப் பார்த்திருக்கிறது. அதற்குப் பிறகு அம்மாவைத் தலையைத் தொடவே விடவில்லை.

டைரியில் கையெழுத்துப் போட்டதும் மனைவியைப் பார்த்தேன். பொங்கல் வியாபார நேரம். அவள் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் ஞாயிறும் லீவு கிடையாது. சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"என்னையப் பாக்காதீக. நீங்கதான சொல்லிக்குடுத்தீக, எல்லாம் ஒரே உசுருன்னு? நீங்களே பாருங்க."

"மருந்து எதாச்சும் வாங்கித் தடவுவோமா?"

மகள் உடனே கேட்டாள்: "மருந்து தடவுனா அதுக செத்துப்போகுமாப்பா, இல்ல எந்திரிச்சுப் போயிருமா?"

மனைவி சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

"சாயங்காலம் நான் வரும்போது பிள்ளை தலை சுத்தமா இருக்கணும். பிள்ளை அழுதிருக்கவும் கூடாது. வாரேன்."

நான் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். வேலை சாயங்காலம் நாலு மணிக்கு. அதுவரைக்கும் பிள்ளைகள் என் பொறுப்பு. ஒரு மூட்டை மைதாவை ஒரே ஆளாகப் பிசைந்துவிடுவேன் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிபவன், ஒரு சின்னத் தலைக்கு முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

முதலில் போன் போட்டேன். எங்கள் கூட்டத்தை நடத்துகிற அண்ணன் எல்லாம் படித்தவர். ஸ்பீக்கரில் போடச் சொல்லி மகள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம்ணே. தலையில பேன் இருந்தா நம்ம என்ன செய்யணும்?"

"யாரு தலையிலப்பா?"

"மக தலையில."

"எண்ணம்தான்ப்பா முக்கியம். கொல்லணும்ங்கிற எண்ணம் இல்லாமச் செய்யணும்."

"எண்ணம் இல்லாம எப்படிண்ணே நசுக்குறது? ஒங்க வீட்டுல பிள்ளைகளுக்கு என்ன செஞ்சீங்க?"

"எங்க வீட்டுல... அது வீட்டம்மாதான் பாத்துக்கிட்டாங்க."

"எப்படிண்ணே பாத்துக்கிட்டாங்க?"

"நான் அந்தப் பக்கம் போகலப்பா. அலோ... அலோ... டவர் கிடைக்கல. வைக்கிறேன்."

போன் நின்றதும் மகள் கேட்டாள்: "டவர் நல்லாத்தானப்பா கிடைச்சுச்சு?"

முதல் சீலத்தைக் காப்பாற்றப் போய் அண்ணன் நான்காவதைக் கோட்டை விட்டுவிட்டார். அதை நான் பிள்ளையிடம் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்துவிட்ட மாதிரிதான் முகம் இருந்தது.

மாடிக்குப் போனோம். வெயில் இதமாக இருந்தது. ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதில் மகளை உட்கார வைத்து, தலையில் தேங்காயெண்ணெயை வழிய வழிய ஊற்றினேன். கடையில் கல்லுக்கு எண்ணெய் விடுகிற பழக்கம், கை நிற்கவில்லை. பிறகு பேன் சீப்பை வைத்து இழுக்க ஆரம்பித்தேன். மகள் சட்டம் போட்டாள். உயிரோடு எடுக்க வேண்டும். கால் ஒடியக் கூடாது. எடுத்ததை ஊறுகாய் பாட்டிலில் போட வேண்டும். பாட்டிலை அவளே கழுவித் துடைத்து, மூடியில் என்னை ஆணியால் ஓட்டை போட வைத்து, உள்ளே தன் முடி நாலு இழையையும் நறுக்கிப் போட்டிருந்தாள், அதுகளுக்குப் பழகின இடம் மாதிரி இருக்க வேண்டுமாம்.

"காரம் போயிருக்குமாப்பா?" என்று பாட்டிலை மோந்து பார்த்தாள்.

மகன் எண்ணுகிற வேலையை எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பத்துக்கு மேல் எண்ணிக்கை கிடையாது. பத்து வந்ததும் மறுபடியும் ஒன்று.

முதல் பேன் வேட்டியில் விழுந்தபோது மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பேன். என் பிள்ளை ஒல்லியாக இருப்பதன் காரணம் அங்கே நடந்துபோய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஈர் வந்து குறுக்கே நின்றது. பேன் சீப்பில் வந்துவிடும். ஈர் முடியை விடாது, நகத்தால் பிடித்து இழை இழையாக உருவ வேண்டும். உருவினால் அது என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

"அது முட்டைதானப்பா? முட்டைக்கு உசுரு இருக்கா?"

நான் சீப்பைக் கீழே வைத்தேன். தொண்டையைச் செருமினேன். அவளே யோசித்தாள்.

"நம்ம முட்டை திங்கிறோம்ல. பள்ளிக்கூடத்துல எல்லாரும் திங்கிறாங்க. நீ கடையில கொத்து பரோட்டாவுல ரெண்டு முட்டை ஒடச்சு ஊத்துற. அப்ப ஈரு பரவால்ல. எடு."

பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய வழக்கு, எண்ணெய் காய்வதற்குள் தீர்ப்பாகிவிட்டது. ஆனால் தீர்ப்போடு அவள் நிற்கவில்லை.

"கோழியும் நீதான் வெட்டுறியாப்பா?"

"இல்ல தாயி. நான் பரோட்டா மட்டுந்தான். சால்னா மாஸ்டர் வேற."

"பரோட்டாவுக்கு மேல சால்னா யாரு ஊத்துறா?"

"...சப்ளையர்."

"உனக்கு ஊத்துறப்ப வேண்டாம்னு சொல்லுவியா?"

நான் மகனைப் பார்த்து, "எத்தனைடா ஆச்சு?" என்றேன். அவன் "ஆறு" என்றான். அது பதினாறு. கடைசியாகக் காதோரத்தில் ஒன்று அகப்பட்டது. பதினேழு.

ஆறு தடவை இழுத்தும் சீப்பு வெறுமையாக வந்தது. அரப்பு போட்டுத் தலைக்கு ஊற்றினேன். துவட்டி மறுபடியும் சீவினேன். சுத்தம். மனைவியிடம் மார் தட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இப்ப இதுகளை எங்க விடுறது?"

உண்மையைச் சொன்னால் நான் அதை யோசிக்கவே இல்லை. கரப்பான் மாதிரி எங்காவது விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். எங்காவது என்றால் எங்கே? முடி இருக்கிற இடம் வேண்டுமே. முடி என்றதும் எனக்கு ஒரே இடம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு பிள்ளைகளையும் சைக்கிளில் முன்னும் பின்னும் வைத்துக்கொண்டு, பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சலூனுக்குப் போனேன்.

அந்தச் சலூன்காரன் என் கூட்டாளி. மாப்ள, மாப்ள என்றுதான் பேச்சு. பத்து நாளைக்கு ஒரு தடவை நான் அங்கே போய்விடுவேன். என் தலையில் உள்ளே சரக்கு இல்லாவிட்டாலும் வெளியே அடர்த்தி. அதை நான் பார்த்துக்கொள்கிற மாதிரி என் பிள்ளைகளைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை என்று மனைவி சொல்லுவாள். நான் பிறந்தது எழுமலைப் பக்கம் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ச் சலூனில் எங்கள் தெரு ஆட்களுக்கு முடி வெட்ட மாட்டார்கள். எங்கள் அப்பாதான் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற கத்தரியால் எனக்கு வெட்டிவிடுவார். வெட்டி முடித்த பிறகு என் தலை, எலி கடித்த தேங்காய் மாதிரி இருக்கும். மதுரைக்கு வேலைக்கு வந்த முதல் மாதச் சம்பளத்தில் நான் முதலில் செய்த காரியம், ஒரு சலூனில் போய் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததுதான். யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. "மீடியமா, ஷார்ட்டா?" என்று மட்டும்தான் கேட்டார்கள். எனக்கு இரண்டுக்கும் அர்த்தம் தெரியவில்லை. இரண்டும் வேண்டும் என்றேன்.

அப்படிப்பட்ட என்னை அன்றைக்கு மாப்ள வாசலிலேயே மறித்துவிட்டான். தப்பு என் மேல்தான். படியில் கால் வைத்ததுமே மகன் சத்தமாக, "மாமா, உங்க கடையில பேன் விட வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டான். நாற்காலியில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் துண்டை உதறிவிட்டு எழுந்தேவிட்டார்.

"ஏன்டா மாப்ள, நான் என்னடா பாவம் செஞ்சேன் உனக்கு? கடையை இழுத்து மூடணும்னு பாக்குறியா?" என்றான் சலூன்காரன்.

"கீழ கெடக்குற முடிக்குள்ள விட்டுட்டுப் போயிருறோம் மாப்ள. யாருக்கும் தெரியாது."

"கீழ கெடக்குற முடிக்கு ரத்தம் ஓடுமாடா? பேனு தலைய விட்டு எறங்குனா ஒரு நா, மிஞ்சிப் போனா ரெண்டு நா. அம்புட்டுத்தான். பட்டினியில செத்துரும்."

அதைப் பிள்ளை கேட்டுவிட்டாள். நான் அவனுக்குக் கண்ணைக் காட்டினேன். அவன் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு இன்னும் விளக்கமாகச் சொன்னான்: ஆட்டுத் தலை, நாய்த் தலை எதுவும் ஆகாது, மனுசத் தலைதான் வேண்டும் என்று. பிறகு அவள் முகத்தைப் பார்த்து மனசு இளகி, "இந்தா பாப்பா, பேசாம மொட்டையப் போட்ரு. புத்தரே மொட்டைதான?" என்றான்.

"புத்தர் மொட்டை இல்ல மாமா. தலை பூரா சுருட்டை முடி. எங்க வீட்டுல இருக்காரு. அம்புட்டு முடி இருந்துச்சே, அவருக்குப் பேன் வந்துச்சா, வந்தா அவரு என்ன செஞ்சாருன்னுதான் யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க."

மாப்ள என்னைப் பார்த்தான். நான் கடைக் கண்ணாடியைப் பார்த்தேன். அங்கேயும் நான்தான் இருந்தேன்.

திரும்பி வந்து வீட்டுப் படியேறியதும் மகள் பாட்டிலை என் பையிலிருந்து எடுத்தாள். மூடியைத் திறந்து, தன் தலைப் பின்னலை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"என்ன தாயி செய்யிற?"

"என் தலையிலேயே விட்டுருறேன்ப்பா. நான் ஆடல. முன்வரிசைல வேற பிள்ளை நிக்கட்டும்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், ஐஸ் வாங்கிக் கொடுத்திருப்பேன். ஒரு மாதமாகச் சடையைச் சுழற்றிச் சுழற்றிச் சுவரில் இருந்த காலண்டரைக் கிழித்த பிள்ளை, சாதாரணமாக, செருப்பைக் கழற்றிவைக்கிற மாதிரி அதைச் சொன்னாள். நான் கை நீட்டிப் பேசின பேச்சு அம்புட்டும் எனக்கு ஞாபகம் வந்தது. பேசும்போது நான் எறும்பை நினைத்துத்தான் பேசினேன். எறும்புக்குச் சர்க்கரை போதும், செலவு ஒன்றும் இல்லை.

"இங்க குடு" என்றேன்.

"எதுக்கு?"

"மனுசத் தலைதான வேணும்? ஏன், உங்கப்பன் மனுசன் இல்லையா?"

அவள் என் தலையை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள், வீடு பார்க்க வந்தவர்கள் சமையலறையைப் பார்ப்பது மாதிரி. "நல்ல முடிதாம்ப்பா" என்றாள். தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வகிடு வகிடாகப் பிரித்து விட்டாள். மகன் ஒன்றிலிருந்து பத்துவரை ஒரு தடவையும், ஒன்றிலிருந்து ஏழுவரை ஒரு தடவையும் எண்ணி, "எல்லாரும் போயாச்சு" என்றான். பத்து நிமிஷத்தில் எனக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது. பயத்தில் அரித்ததா, நிஜமாகவே குடியேறிவிட்டார்களா தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் சாயங்காலம் நாலு மணி வேலை ஞாபகம் வந்தது. சாப்பாட்டுக் கடையில் பேனோடு போய் நிற்கக் கூடாது. முதலாளிக்குப் போன் போட்டேன். காய்ச்சல் என்று சொல்லலாம், வாயில் வந்துவிட்டது. மகள் பக்கத்தில் நின்றாள்.

"மொதலாளி, எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும். தலையில பேன்."

"என்னது?"

"பேன், மொதலாளி. பதினேழு."

"எண்ணிட்டே வந்து சொல்றியாடா? ரெண்டு நாளு இல்ல, ஒரு வாரம் எடுத்துக்க. கடைப் பக்கமே வராத."

ஆறு வருஷத்தில் அவர் எனக்கு உடனே கொடுத்த முதல் லீவு அது. என் மச்சான் கல்யாணத்துக்கே அரை நாள்தான் கொடுத்தவர். காலையிலிருந்து நான் சொன்ன ஒரே உண்மைக்கு இப்படிப் பலன் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே நான்காவது சீலத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்திருப்பேன்.

மனைவி விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தாள். மகள் தலையை வெளிச்சத்தில் பிடித்து இழை இழையாகப் பார்த்தாள். "பரவால்லையே" என்றாள். பிறகு நான் இரண்டு கையாலும் சொறிந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். நடந்ததை மகள் ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டு முடிக்கும் வரைக்கும் மனைவி சிரிக்கவில்லை. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து நின்ற கால் வலியெல்லாம் அதில் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் இட்லி தின்ன உள்ளே போனதும் என் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்துச் சொன்னாள்.

"இங்கிட்டுத் திரும்புங்க. பிள்ளை வாரதுக்குள்ள முடிச்சிருறேன்."

"ஏய், சீலம்?"

"எனக்கு அது இல்ல."

"இல்லன்னா?"

"காலைல நாலு பேரும் சேந்து சொல்றோம்ல. மொத வரி வாரப்ப நான் வாயத் தொறக்குறதே இல்ல. ரெண்டாவதுல இருந்துதான் சேந்துக்குவேன். எட்டு வருசமா. நீங்க கண்ண மூடி ஒக்காந்திருப்பீக, ஒங்களுக்கு எங்க தெரியும்?"

நான் சொறிவதை நிறுத்தினேன்.

"பின்ன? பேனு நான் பாக்கணும், மீனு நான் அலசணும், கொசுவ நான் அடிக்கணும். செய்ய மாட்டேன்னு சொல்லிட்டு செஞ்சா அது பொய்யி. அதான் சொல்லல. நீங்க மூணு பேரும் சீலத்தோட இருக்கணும்னா வீட்டுல ஒரு ஆளு கொஞ்சம் முன்னப் பின்ன இருந்துதான ஆகணும்?"

எங்கள் கூட்டத்து அண்ணன் வீட்டம்மாவும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார்களோ என்று எனக்கு ஒரு யோசனை ஓடியது. மனைவியின் விரல் என் தலைக்குள் நுழைந்தது. அது என்ன சுகம் என்று சொல்ல வேண்டியதில்லை. கண் சொருகிவிட்டது. இருந்தாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு ராத்திரி வரைக்கும் பொறு, ஆட்டம் முடியட்டும். பிள்ளை கேக்கும். கேட்டா நான் பொய் சொல்ல முடியாது."

"அப்ப நீங்க கூடத்துலதான் படுக்கணும்" என்றாள். பாயையும் தலையணையையும் தூக்கி வெளியே போட்டாள்.

காலையில் கண் விழித்தபோது மகள் என் முகத்துக்கு மேல் குனிந்து நின்றாள். "அப்பா, எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க தாயி. நான்தான் தூங்கல."

அன்றைக்கு ஐந்து சீலமும் சொல்லும்போது முதல் தடவையாக ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். முதல் வரியில் மனைவி உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, ஒற்றைக் காது புத்தரையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் ஒன்றும் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

பள்ளிக்கூட வாசலில் மிஸ் பென்சிலால் ஒவ்வொரு தலையாக முடியை விலக்கிப் பார்த்தார். என் மகள் முறை வந்தது. மிஸ் இரண்டு தடவை பார்த்தார். "குட். யாரு பாத்து விட்டா, அம்மாவா?" என்று கேட்டார்.

"அப்பா" என்றாள் மகள். "இப்ப எல்லாம் அப்பா தலையில இருக்கு மிஸ்."

மிஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். மிஸ் கும்பிட்டுக்கொண்டே ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

சாயங்காலம் ஆண்டு விழாவில் நாற்காலிக்கு அடிதடி. எனக்கு மட்டும் பிரச்சினையே இல்லை. நான் சொறியச் சொறிய, வலது பக்கம் ஒரு நாற்காலி காலி, இடது பக்கம் இரண்டு நாற்காலி காலி. மனைவி மட்டும் தைரியமாக, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்கள் மடியில் சும்மா இல்லை. "ஒண்ணு நெத்தியில எறங்கி வருது. எடுக்கட்டுமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "ராத்திரின்னு பேச்சு" என்றேன்.

கும்மி தொடங்கியது. முன்வரிசையில் என் மகள், பூ வைத்து, குஞ்சம் கட்டி, இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடையோடு. அந்தக் கட்டம் வந்தது. எட்டுத் தலையும் சிலுப்பின. எட்டுச் சடையும் சுற்றி முன்னால் வந்து விழுந்தன. எல்லாருக்கும் முன்னால் வந்து விழுந்தது அவள் சடைதான். கூட்டம் கை தட்டியது. மகன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான்.

ஆடிக்கொண்டே அவள் கூட்டத்தில் எங்களைத் தேடினாள். கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது. நானும் கையை ஆட்டினேன். அப்புறம்தான் கவனித்தேன், அவள் பார்த்தது என் முகத்தை இல்லை. அதற்குக் கொஞ்சம் மேலே. புருவத்தை உயர்த்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காலையில் கேட்ட அதே கேள்வியை மேடையிலிருந்து கேட்டாள்.

நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். இன்னொரு கையால் சொறிந்துகொண்டேன்.